புதுக் கூலர் போட்டதும் ஏறிய சூடு

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரைத் திறப்பது சுலபம், நான்கு திருகாணி. மூடுவது அதைவிடச் சுலபம். அதற்குள் ஒரு திருகாணி தொலைந்திருக்கும். கஷ்டம் முழுவதும் நடுவில் இருக்கிறது. நாம் குனிந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்று, "இன்னா சார் ஆச்சு?" என்று கேட்பார். அவருக்குச் சொல்லவேண்டிய பதில்தான் இந்தத் தொழில். மற்றதெல்லாம் ஸ்க்ரூடிரைவர் வேலை.

இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. புத்தகம் நிறையப் படித்தவன்தான். வாடிக்கையாளர் வராத நேரம் என் கடையில் தாராளமாகக் கிடைத்தது.

எனக்கு இப்போது அறுபது ஆகிறது. என் இடுப்பு என்னைவிடப் பத்து வருஷம் மூத்தது. கடையைக் கைமாற்றி விட்டுவிட்டேன். கீழே ஏதாவது விழுந்தால், குனிவதற்கு முன்னால் அது எனக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று யோசிக்கும் நிலைமை. திருவண்ணாமலையில் நான் அடியில் புகுந்து வெளியே வராத மேஜை குறைவு. செங்கம் ரோட்டு லாட்ஜ்கள், டைப்பிங் சென்டர்கள், ஜாதகம் கணிக்கும் இடங்கள் என்று எத்தனையோ மேஜை. பெரும்பாலும் தூசியும் எலிப்புழுக்கையும்தான் நினைவில் நிற்கின்றன. ஒரே ஒரு மேஜையைப் பற்றி மட்டும் உங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். போளூர் ரோட்டில் ஒரு வீட்டின் முன்னறையில் காஞ்சனா என்ற பெண் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்துகொண்டிருந்தார். ஊரிலுள்ள ஸ்டூடியோக்காரர்கள் கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, டிஸ்க்காகத் திருப்பிக் கொடுப்பார். வெட்டி ஒட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. மணப்பெண் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழுந்து வரவேண்டும். வேட்டவலத்தைத் தாண்டாத மாப்பிள்ளை பனிமலை உச்சியில் கைகட்டி நிற்கவேண்டும். தாய்மாமன் இதய வடிவத்துக்குள் சுழலவேண்டும். இத்தனைக்கும் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடுவது ப்ராசஸர் என்ற ஒரு சின்னச் சில்லு. சூடு ஏறாமல் அது என்ன செய்யும்?

அந்தச் சில்லின் தலைமேல் ஒரு உலோகப் பாளமும், அதற்குமேல் ஒரு ஃபேனும் இருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் கூலர் என்கிறோம். பாளத்தின் அடிப்பக்கத்துக்கும் சில்லுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு பேஸ்ட் பூசவேண்டும். அது இருந்தால்தான் சூடு ஒழுங்காகப் பாளத்துக்கு ஏறும். உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்து, 'நம்ம பிள்ளை அப்படி என்னதான் வேலை பார்க்கிறான்' என்று தெரிந்துகொள்ள ஆசைப்படலாம். அவர்களுக்காகச் சொன்னேன்.

காஞ்சனாவின் மெஷினில் பழைய கூலர் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் இரண்டு முறை அதன் ஃபேன் நின்று, மெஷின் வேலை நடுவில் படுத்தும் விட்டது. சொன்ன நாளில் டிஸ்க் கிடைக்காத ஒரு பெண்வீட்டார் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். வீடும் முன்னறையும் காஞ்சனாவின் மாமனார் ஏழுமலையுடையவை. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கூட்டத்தில் நின்று கத்தியவருக்கு, தன் வீட்டு வாசலில் இன்னொருவர் கத்துவது பொறுக்கவில்லை. காஞ்சனாவின் கணவர் ஓசூரில் வேலை. மாதம் இரண்டு முறை வருவார். ஆகவே தீர்ப்பு சொல்லும் இடத்தில் மாமனார்தான் இருந்தார். சொல்லியும் விட்டார்.

"இந்தக் கீழ்பென்னாத்தூர் கல்யாணத்த ஒழுங்கா முடிச்சிக் குடுத்துட்டீன்னா நடத்திக்கோம்மா. இதுவும் நின்னுச்சுன்னா மாசம் பொறந்ததும் ரூம செல்போன் கடைக்கு விட்டுடுவேன். அந்தாளு நடையா நடக்கறான். வாசல்ல நாலு பேரு வந்து கத்தறதெல்லாம் எனக்குத் தேவையா?"

கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை சனிக்கிழமை குவைத்துக்கு விமானம் ஏறுகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் டிஸ்க் கையில் இருக்கவேண்டும். காஞ்சனா என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இந்த ஒரு வாட்டி மெஷின் படுக்கக்கூடாது. இன்னா செய்யணுமோ செய்ங்க" என்றார்.

புதிதாக ஒரு பெரிய கூலர் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். உங்களை யாரும் கேட்காத வரையில் யோசனை சொல்லாதீர்கள். கேட்டாலும் ஒரு டீ குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து கூலர் பஸ் பார்சலில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் புதுப் பொருளைக் கைதொட்டு ஆரம்பிக்க மாட்டார்கள். பெட்டி அன்றிரவு பூஜை அறையில் இருந்தது. புதன்கிழமை காலை நான் போய்ப் பழையதைக் கழற்றினேன். அதைப் பிடித்திருந்த கிளிப் என் கையோடு உடைந்து வந்தது. போகட்டும், இனி அது எதற்கு என்று நினைத்தேன். புதியதை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் கம்பெனியே பேஸ்ட் பூசி அனுப்பியிருந்தது. அப்போது சில கம்பெனிகள் அப்படித்தான் அனுப்பும். பெட்டிக்குள் தனியாகவும் ஒரு குட்டிப் பாக்கெட் பேஸ்ட் இருந்தது. உபரி போலிருக்கிறது, தாராள மனசுக்காரர்கள் என்று அதை மேஜை டிராயரில் போட்டேன். மாட்டினேன். ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. காஞ்சனா காபி கொடுத்தார். தொழிலில் இப்படி ஒரு காபி வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் கிடைக்கும். ரசித்துக் குடித்தேன்.

மத்தியானம் போன் வந்தது.

"அண்ணா, தாமர வர்ற எடத்துல ஆஃப் ஆயிடுச்சு."

"கரண்ட் போச்சா?"

"இல்லண்ணா. ஃபேன் சுத்திகினுதான் இருந்துச்சு. டப்புனு ஆஃப் ஆயிடுச்சு. திரும்பப் போட்டேன், திரும்பவும் ஆஃப்."

போய்ப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே எழுபது டிகிரி காட்டியது. வேலை கொடுத்தால் விறுவிறுவென்று தொண்ணூறைத் தொட்டு, மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். பழைய கூலர் எவ்வளவு இரைந்தாலும், அது சுற்றிக்கொண்டிருந்தவரை சூடு அறுபத்தைந்தைத் தாண்டியதில்லை. காஞ்சனா உடைந்த கிளிப்போடு மூலையில் கிடந்த பழைய கூலரை ஒரு தடவை பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது.

நீங்களும் இப்படி நிற்பீர்கள். நிற்கும்போது தெரியும், ஊரில் எல்லாரிடமும் காரணம் ஒன்று தயாராக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர், மலையே நெருப்பு மலை, இந்த ஊரில் எது சூடாகாது என்றார். கேசட் கொடுக்க வந்த ஸ்டூடியோக்காரர் வோல்டேஜ் ஜாஸ்தி என்றார். ஏழுமலை வாசற்படியில் நின்று மெஷின் இருந்த கேபினெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பஸ்ஸு சூடாச்சுன்னா பானெட்டத் தொறந்து ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துவோம். இதுக்கு எங்க ஊத்தறது?"

"இதுக்குத் தண்ணி ஊத்தக்கூடாதுங்க."

"அப்ப இன்னாதான் ஊத்துவீங்க?"

"எதுவும் ஊத்த மாட்டோம்."

"அப்பறம் எப்டி ஆறும்?"

நியாயமான கேள்வி. எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை.

தெரிந்த வித்தையெல்லாம் செய்தேன். கேபினெட் கதவைக் கழற்றி, மேஜை ஃபேனை அதன் முகத்துக்கு நேராக வைத்தேன். உள்ளே காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஊதுபத்திப் புகை காட்டிப் பார்த்தேன். அதைப் பார்த்து ஏழுமலை கையைக் கூப்பிவிட்டார். யுபிஎஸ்ஸை மாற்றினேன். தூசு தட்டினேன். செட்டிங்கில் ப்ராசஸரின் வேகத்தைக் கம்மி பண்ணினேன். சூடு கொஞ்சம் இறங்கியது. ஆனால் அந்த வேகத்தில் போனால் கீழ்பென்னாத்தூர்க் கல்யாணம் முடிவதற்குள் அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும்.

வியாழக்கிழமை காலை சென்னைக் கடைக்காரருக்குப் போன் செய்து கத்தினேன். நம் தொழிலில் ஒரு சொல் எப்போதும் நாக்கின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்: டூப்ளிகேட். எது வேலை செய்யாவிட்டாலும் அந்தச் சொல்லை எடுத்து வீசினால் நாம் தப்பித்தோம்; பழி நூற்றெண்பது கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழும்.

"டூப்ளிகேட் மால் அனுப்பிட்டீங்களே சார், நியாயமா?"

அவர் பதறாமல் ஒரே கேள்வி கேட்டார். "பேஸ்ட் போட்டீங்களா?"

நான் போனை வைத்துவிட்டேன். என்னைப் பார்த்து, இத்தனை வருஷம் கழித்து, பேஸ்ட் போட்டாயா என்று ஒருவன் கேட்பதா? பல் டாக்டரைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொன்னீர்களா என்று கேட்பது போல இருந்தது. அந்தக் கோபத்தில் இன்னும் ஒரு மணி நேரத்தை ஊதுபத்தியோடு வீணாக்கினேன்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்கவேண்டும். கூலரைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்று உங்களுக்கு எப்போதோ தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. அதை மாட்டியது நான். நம் கை பட்ட இடத்தை நாம் கடைசியாகத்தான் சந்தேகப்படுவோம். கரண்ட், காற்று, கம்பெனி, மலை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்தபிறகு, வேறு எதுவும் மிச்சமில்லை என்கிற சலிப்பில்தான் நம் விரலைப் பார்ப்போம். தயவுசெய்து முதலிலேயே பாருங்கள். நேரம் மிச்சமாகும். இடுப்பும்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த அறையின் நிலவரம் இது. காஞ்சனா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மூலையில் நின்று மாப்பிள்ளை வீட்டாரிடம் போனில், "நாளைக்குச் சாயங்காலம் கண்டிப்பாங்க, என் பொறுப்புங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழுமலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செல்போன் கடைக்காரர் இஞ்சு டேப்போடு வந்துவிட்டார். ஷோகேஸ் எங்கே வைப்பது என்று சுவரை அளந்தார். நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். "கொஞ்சம் தள்ளிக்கங்க சார்" என்று சொல்லி, நான் கிடந்த இடத்தையும் சேர்த்து அளந்தார். ஒருவர் பிழைப்பு இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அளவெடுக்க வருவதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் கடை வேண்டும்.

வேறு வழியில்லாமல் கூலரைக் கழற்றினேன்.

அது கையோடு வந்தது. வரக்கூடாது. பேஸ்ட் சரியாகப் பிடித்திருந்தால் லேசாகத் திருகித்தான் எடுக்கவேண்டும். இதுவோ டப்பா மூடிபோலக் கழன்றது. சில்லின்மேல் வெள்ளையாகப் பொடி. பேஸ்ட் காய்ந்துவிட்டதா? இரண்டு நாளில் எந்தப் பேஸ்டும் இப்படிக் காயாது. கட்டைவிரலால் வழித்து எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன். பிசுபிசுப்பே இல்லை. வழவழவென்று, மாவைவிட மெல்லிசாக இருந்தது.

அடுத்து நடந்தது நான் யோசித்துச் செய்ததல்ல. என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் விரலில் அந்தப் பொடி பட்டால், எங்கே போகவேண்டும் என்று விரலுக்கே தெரியும். மூளைக்குத் தகவல் தாமதமாகத்தான் வரும்.

வாசலிலிருந்து ஏழுமலை கேட்டார். "இன்னா சார், வேல நடுவுல விபூதி பூசிக்கிறீங்க? அவ்ளோ மோசமாயிடுச்சா?"

கூலரைத் திருப்பிப் பார்த்தேன். செம்பு அடிப்பக்கத்தில், ஓரங்களில் கலையாமல் மிச்சமிருந்த இடத்தில், மூன்று பட்டை தெரிந்தது. சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நாற்பதைத் தாண்டிய புதிது; கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று வாடிக்கையாளர் நினைப்பார்களே என்று பையிலேயே வைத்திருந்தேன். கம்பெனி பூசி அனுப்பும் பேஸ்டும் சாம்பல் நிறத்தில் மூன்று பட்டையாகத்தான் வரும். ஆனால் கம்பெனிப் பட்டைக்கு முனை வெட்டினாற்போல நேராக இருக்கும். இதில் மூன்று விரலின் ரேகை இருந்தது. தண்ணீரில் குழைத்து, இடமிருந்து வலமாக, ஒரே இழுப்பு.

நிமிர்ந்து ஏழுமலையைப் பார்த்தேன். அவர் நெற்றியிலும் அதே மூன்று பட்டை, அதே அகலம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பூஜை அறையில் இருந்த பெட்டி. புதன்கிழமை விடியலில் குளித்துவிட்டு வந்த மனிதர். புதுச் சாமான் எதிரில் இருக்கிறது. திறந்து பார்த்திருக்கிறார். மேலே ஃபேன், பக்கத்தில் தகடு தகடாக இடுக்கு. கீழேதான் கண்ணாடிபோல ஒரு சதுரம். விபூதி பூச அதைவிடப் பொருத்தமான இடம் எது? நானாக இருந்தாலும் அங்கேதான் பூசியிருப்பேன்.

குறை கிடைத்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் வேலை முடிந்த மாதிரிதான். தொழில் இப்போதுதான் ஆரம்பம். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று சொல்லலாம். யாருக்கும் சங்கடமில்லை. ஆனால் அடுத்த ஆயுதபூஜைக்கு அவர் மறுபடியும் திறந்து பூசுவார். டூப்ளிகேட் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், மெஷினே உதவாது, ரூமை விட்டுவிடலாம் என்கிற முடிவுக்குத்தான் போய்ச்சேரும். உள்ளதை உள்ளபடி அங்கேயே போட்டு உடைக்கலாம்; இஞ்சு டேப்போடு ஒரு வெளியாள் நிற்கிறார். சாமி விபூதியால்தான் மெஷின் நின்றது என்று போளூர் ரோடு முழுக்கப் பேச்சாகும். அந்த மனிதர் அப்புறம் இந்த அறையைப் பார்க்கக்கூட மாட்டார். வீம்புக்காவது மூடுவார்.

குறை தெரிந்த அந்த நிமிஷத்தில் வாயைத் திறக்காதீர்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் வருகிற வார்த்தை யாராவது ஒருவரை வெட்டாமல் போகாது.

செல்போன் கடைக்காரரிடம், "அளந்துட்டீங்கன்னா கொஞ்சம் வெளிய இருங்க. ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கப்போறேன், நெடி வரும்" என்றேன். அவர் டீ குடிக்கப் போனார். ஸ்பிரிட்டில் துணியை நனைத்து இரண்டு பக்கமும் துடைத்தேன். துடைக்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. துணியைக் குப்பையில் போடாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். டிராயரில் கிடந்த குட்டிப் பாக்கெட்டைக் கிழித்துப் பேஸ்டைத் தடவி, கூலரை மாட்டினேன்.

நாற்பத்தெட்டு காட்டியது. காஞ்சனா போனை வைத்துவிட்டு வந்து வேலையை ஓடவிட்டார். ஐம்பது, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தெட்டு. தாமரை விரிந்தது. மணப்பெண் எழுந்து வந்தாள். ஐம்பத்தெட்டிலேயே நின்றது. காஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தார்.

ஏழுமலை நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே வந்தார். "இன்னாதான் கோளாறு?"

"ஐயா, ரேடியேட்டருக்குள்ள விபூதியக் கொட்டினா இன்னா ஆகும்?"

"அடச்சிக்கும். எஞ்சின் சூடு ஏறிக்கும்." துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "எந்தப் பைத்தியக்காரன் கொட்டுவான்?"

நான் கூலரை மட்டும் பார்த்தேன். அவரும் அதையே பார்த்தார். அப்புறம் மெதுவாக அவர் கை தன் நெற்றிக்குப் போயிற்று. நடுவில் நின்று, இறங்கிவிட்டது.

"வெளிப்பக்கம் பூசலாங்க. ஒண்ணும் ஆகாது" என்றேன். "ரெண்டும் ஒட்டற எடத்துல மட்டும் வேணாம். எனக்கே தெரியல. நானும் கம்பெனி பூசினதுன்னு நெனச்சித்தான் மாட்டினேன். மூணு பட்ட அவ்ளோ நேர்த்தியா இருந்துச்சு."

கடைசி வாக்கியம் அவருக்குக் கொஞ்சம் நிழல் கொடுத்தது. ஆனால் காஞ்சனா திரையை விட்டு அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"மாமா, நீங்களா பூசினீங்க?"

"காலைல சாமி கும்பிடசொல்ல எதிர்ல இருந்துச்சு. பூசினேன். அதுக்கு இன்னா இப்ப?"

"மூடப்போற கடை மெஷினுக்கு எதுக்கு மாமா விபூதி?"

ஏழுமலை சுவரில் செல்போன் கடைக்காரர் சாக்பீஸால் போட்டுவிட்டுப் போன கோட்டைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து அதை அழித்தார். முழுதாக அழியவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"ரெண்டு நாளா நீ சாப்பிடறதில்ல. ராத்திரி தூங்கறதும் இல்ல. நான் பாத்துகினுதான் இருக்கறேன்" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "வாசல்ல கத்தறானுங்களேன்னுதான் சொன்னேன். எரிஞ்சி போகட்டும்னா சொன்னேன்?"

காஞ்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் வீட்டில் சில நேரங்களில் ஒயரைச் சுருட்டுவதுதான் உத்தமம். ஏற்கெனவே சுருட்டிய ஒயரைப் பிரித்து மறுபடியும் சுருட்டினேன்.

டிஸ்க் வெள்ளிக்கிழமை மத்தியானமே கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டது. சென்னைக் கடைக்காரருக்கு நான் அன்றே போன் செய்து, கூலர் நல்ல கூலர்தான் என்றேன். பேஸ்ட் போட்டேனா என்று அவர் மறுபடியும் கேட்கவில்லை, பெரிய மனசு. செல்போன் கடைக்காரர் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டார். இதெல்லாம் பிற்பாடு நடந்தது. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது, அந்த வியாழக்கிழமை நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய நேரத்தை.

டீ குடித்துவிட்டு வந்த செல்போன் கடைக்காரர் வாசலில் நின்று, "ஐயா, அட்வான்ஸ் எப்ப வச்சிக்கலாம்?" என்றார்.

ஏழுமலை திரும்பவே இல்லை. "அப்பால பாக்கலாம்பா. இங்க வேல நடந்துகினு இருக்குது."

வாசலில் கிடந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மானிட்டருக்கு எதிரில் போட்டார். உட்கார்ந்தார். திரையில் மாப்பிள்ளை பனிமலையில் நின்றார். அதன் ஓரத்தில் சின்னதாக ஓடிக்கொண்டிருந்த எண்ணை விரலால் காட்டினார்.

"இதானே சூடு?"

"ஆமா மாமா."

"எவ்ளோ போனா ஆபத்து?"

"எழுவதத் தாண்டக்கூடாது."

"சரி. நீ போயி சாப்பிடு. நான் பாத்துக்கறேன்."

காஞ்சனா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த மெஷினுக்கு அப்போது யாரும் காவல் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. அதையும் நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லாத ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று.

படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் பிரிண்டர் காகிதத்தைத் தின்கிறதாம், அங்கே போகவேண்டும். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஏழுமலை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சமையலறைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"ஐம்பத்தொம்போது!"

உள்ளேயிருந்து, வாயில் சோற்றோடு, "சரி மாமா" என்று பதில் வந்தது.